சின்னக் கழியில் ஒரு சமல்யோத்

ஊரில் இளவரசிக்குப் பெயர் ரஷ்யாக்காரி. ரஷ்யா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் அவளும் கொஞ்சம் யோசித்துத்தான் கையைக் காட்டுவாள். அவள் போன வெளியூர் என்றால் திருப்பதி ஒன்றுதான், அதுவும் மொட்டை போட. அனுப்பம்பட்டில் நெல் விளைகிற வீட்டில் பிறந்து, ரயிலேறிச் சென்னைக்குப் போய்ப் படித்த நாளில், சாயங்கால வகுப்பில் ரஷ்ய மொழி சொல்லித் தருகிறார்கள் என்று ஒரு தோழி இழுத்துக்கொண்டு போனாள். தோழி மூன்றாவது வாரமே நின்றுவிட்டாள். இவளுக்கு அந்த எழுத்துகள் பிடித்துப்போய்விட்டன. நாலு வருஷம் விடாமல் படித்தாள். அதே ரயிலில் மீஞ்சூர்க் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போய்வந்த பூபதியையும் பிடித்துப்போய்விட்டது. பூபதிக்குத்தான் கம்பெனி வேலை பிடிக்கவில்லை. ஒரே வருஷத்தில் வலைக்குத் திரும்பிவிட்டான். இவளும் கூடவே வந்து, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த அந்தக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருஷம் ஆகிறது.

ஒன்பது வருஷத்தில் எல்லாம் பழகிவிட்டது, தண்ணீரைத் தவிர. நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் நட்டநடுவில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, கரை வரும்வரை கண்ணைத் திறக்கமாட்டாள். ஊர்ப் பெண்களுக்கு அது ஒரு வேடிக்கை. வயக்காட்டுப் பொண்ணு, சேத்துல விழுந்தா எழுந்துக்கும், தண்ணியில விழுந்தா எழுந்துக்காது என்பார்கள். இளவரசியும் சேர்ந்து சிரிப்பாள். பொய்யில்லையே.

வேலை வீட்டிலிருந்தபடியே. சென்னையில் ஒரு மொழிபெயர்ப்புக் கம்பெனி பம்பு, கிரேன், கப்பல் எஞ்சின் என்று ரஷ்யாவிலிருந்து வரும் கனத்த கையேடுகளை அனுப்பும். இவள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மாற்றி எழுதி அனுப்புவாள். இந்தத் தடவை அதிசயமாக ஒரு நல்ல வேலை வந்திருந்தது. வண்டி வாகனங்களுக்குப் பெயர் எப்படி வந்தது என்று குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் போடுகிறார்களாம். ரஷ்யப் பக்கங்கள் இவளுடையவை.

எழுதியதையெல்லாம் முதலில் கேட்பவள் ராஜாத்தி. பூபதியின் அக்கா, நாலு வீடு தள்ளி இருப்பவள், இளவரசிக்கு அண்ணி. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். இளவரசி கல்யாணமாகி வந்த புதிதில், வேறு சாதிக்காரி, வேறு மண்ணுக்காரி என்று ஊரே ஓரக்கண்ணால் பார்த்தபோது, இடுப்பில் கூடையோடு வாசலில் வந்து நின்று, "சாப்பிட்டியா?" என்று கேட்ட ஒரே ஆள்.

அன்று மத்தியானம் ராஜாத்தி நண்டுகளின் காலை நாரால் கட்டிக்கொண்டிருந்தாள். இளவரசி படித்தாள்.

"பரஹோத். பார்னா நீராவி, ஹோத்னா போறது. ஆவியில போறது. நீராவிக் கப்பல்."

"சரி."

"பரவோஸ். ஆவி, அப்புறம் சுமந்து இழுக்கிறது. ரயில் எஞ்சின். தெப்லஹோத்னா சூட்டுல போறது. டீசல் கப்பல்."

"சூட்டுல போறதா! நம்ம வீட்டு ஆம்பளைங்கதான் சூட்டுல போறானுங்க," என்றாள் ராஜாத்தி. "நல்லாதான் கீது. ரெண்டு வார்த்தய எடுத்து ஒரு முடிச்சு போட்டுட்றான், தீர்ந்துது வேல."

சிரித்தாளே தவிர, அவள் முகம் தெளியவில்லை. மூன்று மாதமாகவே தெளியவில்லை. அதற்குக் காரணம் சின்னக் கழி.

ஏரி கடலைப் பார்க்கப் போகும் வழியில் கிளை பிரிந்து ஊரை ஒட்டி ஓடும் வாய்க்கால்தான் சின்னக் கழி. அகலம் நாற்பது பாகம், அதாவது நாற்பது ஆள் கை விரித்து நின்றால் அக்கரை. ஆனால் ஆழம். கடல் ஏறுகிற ஏற்றத்திலும் இறங்குகிற வற்றத்திலும் தண்ணீர் தறிகெட்டு ஓடும். கோல் எட்டாது. அக்கரையில்தான் மீன் ஏலம் நடக்கிற கூடம், அக்கரையில்தான் ஷேர் ஆட்டோ, அக்கரையில்தான் உலகம். பதினோரு பெண்கள் தினமும் விடிகாலை கூடையோடு அந்தக் கழியைக் கடந்து, முதல் நாள் பிடித்த இறாலையும் நண்டையும் ஏலத்துக்குக் கொண்டுபோகவேண்டும். துடுப்புப் போட்டு அவர்களை அக்கரை சேர்க்க மாணிக்கம் என்று ஒருவர் இருந்தார். காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் வாட்ச்மேன் வேலை கிடைத்ததும் அவர் போய்விட்டார், படகை அப்படியே கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு. மற்ற ஆண்கள் நாலு மணிக்கே கடலுக்குப் போனால் எட்டரைக்குத்தான் திரும்புவார்கள். ஏலம் ஏழு மணிக்கு முடிந்துவிடும். மூன்று மாதமாகப் பெண்கள் விடிந்ததிலிருந்து கரையில் நின்று, கூடையில் ஐஸ் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கயிறு கட்டி அதைப் பிடித்து இழுத்துப் போகலாமே என்று கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்தார்கள். வற்றத்தில் பாரத்தோடு படகைத் தண்ணீர் ஒரு பக்கம் இழுக்க, இவர்கள் ஒரு பக்கம் இழுக்க, சரோஜாவின் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விட்டது. இரண்டு வாரம் அவள் கையால் சோறு பிசையவில்லை.

இதில் இன்னொரு இடி. வருகிற ஞாயிற்றுக்கிழமை பாடு பிரிக்கிற நாள். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு எடுப்பார்கள், அதுதான் பாடு. சின்னக் கழி இதுவரை சீட்டில் இல்லை, ஆள் கடக்கிற வழி என்று விட்டிருந்தார்கள். இப்போதுதான் படகே ஓடவில்லையே, சும்மா கிடப்பானேன், அதையும் சீட்டில் போடலாம் என்று குப்பத்துத் தலைவரான நாட்டார் சொல்லிவிட்டார். குறுக்கே மிதவை கோத்து வலை கட்டிவிட்டால் ஒரு வருஷத்துக்கு அந்த வழி அடைபட்டது. அந்த நாட்டார் வேறு யாருமில்லை, ராஜாத்தியின் புருஷன் துளசிங்கம்தான்.

"வித்தது போதும், ஊட்ல இருன்றாரு," என்றாள் ராஜாத்தி. "இருபத்தாறு வருசமா மீஞ்சூர் ரயில் கேட்டாண்ட நான் விக்கிற எடம் அது. நான் வரலன்னா இன்னா ஆச்சோன்னு கேக்க நூறு பேரு கீறாங்க அங்க. ஊட்ல இருந்துகினு நான் இன்னா பண்ணுவேன், செவுத்தப் பாத்துகினு?" என்றுமில்லாத வேகத்தோடு நாரை இழுத்து முடிந்தாள். இளவரசி கண்ணைத் திரைக்குத் திருப்பி அடுத்த வார்த்தையைப் படித்தாள்.

"சமல்யோத். சம்னா தானே. ல்யோத்னா பறக்கிறது. தானே பறக்கிறது. ஏரோப்ளேன்."

அதோடு முடித்திருக்கலாம். ஆனால் பழைய அகராதியிலும் ஒருமுறை பார்த்துவிடுகிற வழக்கம் அவளுக்கு உண்டு. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அகராதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதிலும் சமல்யோத் இருந்தது. இளவரசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஏரோப்ளேன் ஏது? யார் பறந்தார்கள்? கதையில் ஒரு கம்பளம் பறந்தது, அதற்கு அந்தப் பெயர். நூலைக் கொண்டு ஓடுகிற நாடா தானாகப் பாய்கிற ஒரு தறி, அதற்கும் அந்தப் பெயர். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதை அவள் இரண்டு தடவை தனக்குள் படித்துவிட்டுப் பிறகுதான் வாய்விட்டுச் சொன்னாள்.

"ஆத்தைக் கடக்கிற தோணி, அண்ணி. துடுப்பு கிடையாது, எஞ்சின் கிடையாது. ஓடுற தண்ணியே அதைக் குறுக்கே தள்ளி அக்கரையில கொண்டுபோய் விடுமாம். அதுக்குத்தான் முதல்ல தானே பறக்கிறதுன்னு பேர் வச்சிருந்தாங்க. ஏரோப்ளேன் வந்த பிறகு அதுக்கு அந்தப் பேரை எடுத்துக் கொடுத்துட்டாங்க."

ராஜாத்தியின் கையிலிருந்த நண்டு கட்டு அவிழ்ந்து ஓடியது. அவள் அதைப் பிடிக்கவில்லை.

"இன்னொரு தபா சொல்லு," என்றாள்.

*

பூபதியிடம் சொன்னபோது, அவன் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தான். பிறகு இளவரசி இணையத்தில் தேடி எடுத்த ஒரு படத்தைக் காட்டினாள். ஆற்றுக்குக் குறுக்கே கயிறு, கயிற்றில் ஓடும் கப்பி, கப்பியிலிருந்து படகின் மூக்குக்கு ஒரு கயிறு, வாலுக்கு ஒரு கயிறு. மூக்குக் கயிறு குட்டை, வால் கயிறு நீளம். அதனால் படகு தண்ணீருக்குச் சாய்வாக நிற்கிறது. பூபதியின் சிரிப்பு நின்றது. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"அட, இத்த எனக்குத் தெரியும்மே. நங்கூரம் போட்டுட்டு அசந்து தூங்கினா, படகு சாஞ்சிகினு பக்கவாட்டுல இழுத்துகினு ஓடும். எழுந்து அத்தத் திட்டிட்டு நேராக்குவோம். அவன் திட்டாம அத்தயே வேலைக்கு வச்சிகினுகீறான்."

"நம்ம கழியில ஓடுமா?"

"தண்ணி அதேதான? ஓடணும்."

திரும்பி வர, கயிறுகளை மாற்றிக் கட்டினால் போதும். ஏற்றமோ வற்றமோ, தண்ணீர் ஓடுகிறவரை படகும் ஓடும். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் அசையாமல் நிற்கிற நேரம் மட்டும் ஓடாது. அந்த நேரம் எப்போது என்று குப்பத்துப் பெண்களுக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரியும்.

அன்றைக்கே போய் நாட்டாரிடம் சொன்னார்கள். துளசிங்கம் கெட்ட மனுஷன் இல்லை. அந்தக் கடற்கரையில் அவரைப்போல் சுக்கான் பிடிக்க ஆள் கிடையாது, அது அவருக்கும் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான் அவரிடம் குறை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மீசையைத் தடவினார்.

"ரஷ்யாக்காரன் தண்ணிக்கு மூள கீது, நம்ம தண்ணிக்கு இல்லியா? சரி. ஞாயித்துக்கெழம சீட்டு. அதுக்குள்ள ஓட்டிக் காட்டு. ஓடிச்சுன்னா சின்னக் கழிய சீட்டுல போடமாட்டேன். ஓடலன்னா அப்பால அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது, உங்க அண்ணியும் சேத்துதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானே ஏறுறேன். வேற எவனாவது ஏறிக் கவுத்துட்டா ஊர் பேரு கெட்டுடும்," என்றார்.

இதைவிட நல்லது என்ன வேண்டும் என்று இளவரசி நினைத்தாள். ஊரிலேயே கைதேர்ந்த ஆள் ஏறுகிறார். அங்கேதான் தப்பு என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை கடலிலிருந்து திரும்பியதும் ஆண்கள் வேலையை ஆரம்பித்தார்கள். குறை சொல்லக்கூடாது, மனசு வைத்துச் செய்தார்கள். இரண்டு கரையிலும் பனங்கட்டையை ஆழமாக நட்டு, தடித்த நைலான் வடத்தை இழுத்துக் கட்டினார்கள். பழைய கிணற்றுக் கப்பி இரண்டு கிடைத்தது. மாணிக்கத்தின் படகைத் தூக்கி நிமிர்த்தி ஓட்டை அடைத்தார்கள். மூன்று மணிக்கு வற்றம் நன்றாக இழுக்க ஆரம்பித்தது. மூக்குப் பக்கம் பூபதி, வால் பக்கம் துளசிங்கம். ஊரே கரையில். இளவரசி செல்போனில் படம் பிடித்தாள்.

படகு நாலு பாகம் போனது. பெண்கள் கை தட்டினார்கள். அப்புறம் நின்றது. மூக்கைத் தண்ணீருக்கு நேராக நீட்டிக்கொண்டு, வாலை மட்டும் மெல்ல ஆட்டியபடி, கட்டிப்போட்ட கன்றுக்குட்டிபோல் அதே இடத்தில் நின்றது. இழுத்துவந்து மறுபடி விட்டார்கள். ஐந்து பாகம் போய் நின்றது. ஆறு தடவை விட்டார்கள். ஆறாவது தடவை மூன்று பாகம்கூடப் போகவில்லை.

"சாய்வா வைக்கணும் அண்ணா! சாய்வா!" என்று இளவரசி கத்தினாள்.

"சாய்வாத்தான் வச்சிகீறேன்!" என்று துளசிங்கமும் கத்தினார்.

கரையில் ஒருவன், "ரஷ்யாக்காரி கப்பலுக்கு விசா வரலபா," என்றான். ஊரே சிரித்தது. இளவரசிக்குக் காது சுட்டது. சிரிக்காமல் நின்றது ராஜாத்தி ஒருத்திதான். அவள் கழியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தாள். சிரிப்பைக்கூட இளவரசி தாங்கிக்கொண்டாள். அந்த முதுகைத்தான் தாங்க முடியவில்லை.

*

மறுநாள் காலையெல்லாம் அவள் அந்த வீடியோவையே போட்டுப் போட்டுப் பார்த்தாள். கம்பெனி வேலை கிடந்தது. அகராதி பொய் சொல்லவில்லை, படம் பொய் சொல்லவில்லை, தண்ணீரும் ஓடியது. பிறகு எது? ஏழாவது எட்டாவது தடவைதான் படகைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தாள்.

படகு சாய்கிறது. பக்கவாட்டில் தண்ணீர் மோதுகிறது. மோதிய அந்தக் கணமே துளசிங்கத்தின் கை தளர்கிறது. வால் கயிறு ஒரு சாண் நழுவுகிறது. படகு நேராகிறது. நின்றுவிடுகிறது. ஆறு தடவையும் அதேதான். அவர் கயிற்றைக் கட்டவே இல்லை, கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருக்கிறார்.

பூபதியைக் கூப்பிட்டுக் காட்டினாள். "மாமா ஒண்ணும் பண்ணலியே," என்றான். இன்னொருமுறை காட்டினாள். "கையே ஆடலியே," என்றான். இளவரசிக்கு ஆத்திரம் வந்தது. துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துவந்து ஒரு முனையை அவன் கையில் கொடுத்தாள்.

"என்ன ஆனாலும் விடாதே."

"உடமாட்டேன்."

பேசிக்கொண்டே இருந்து, சட்டென்று பக்கவாட்டில் வெட்டி இழுத்தாள். அவன் கை தளர்ந்து கயிறு ஓடியது. மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும், விடமாட்டேன் என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை விட்டது. பூபதி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்க நைனா எனக்குச் சொன்ன மொத பாடமே அதாம்மே," என்றான் மெதுவாக. "தண்ணி பக்கவாட்டுல அடிச்சா கயித்த உட்டுட்டு மூக்க நேராக்கு, இல்லன்னா கவுந்துடும்னு. எட்டு வயசுல அடிச்சி சொல்லிக் குடுத்தது. இப்போ கட்டிப்போடுன்னா, மனசு கட்டும். கை கட்டாது."

"வேற ஆளு?"

"இந்த ஊர்ல எந்த ஆம்பளயும் அப்படித்தான்."

எந்த ஆம்பளையும் அப்படித்தான். இளவரசி அதைக் கேட்டுக்கொண்டு செருப்பைக்கூட மாட்டாமல் நாலு வீடு தள்ளி ஓடினாள். குப்பத்துப் பெண்களைப் படகில் சரக்கோடு சரக்காகத்தான் ஏற்றுவார்கள். கோலைத் தொடவிடமாட்டார்கள், கயிற்றைத் தொடவிடமாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் கை படகைப் பற்றி ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ளாத கைதான் இப்போது வேண்டும்.

ராஜாத்தி எல்லாவற்றையும் கேட்டாள்.

"கட்டணும். கட்டிட்டு அப்பால தொடக்கூடாது. எத்தினி ஆடினாலும் தொடக்கூடாது. அவ்ளோதானே?"

"அவ்வளவுதான்."

"சும்மா உட்கார்ந்துகினு வர்றது எங்களுக்குப் பழக்கமாச்சே," என்றாள் ராஜாத்தி. பிறகு இளவரசியின் கண்ணைப் பார்த்தாள். "நீ வருவியா?"

இளவரசி நினைத்துப் பார்த்தாள். பூபதி சொன்ன அந்தப் பாடம் சும்மா வந்ததல்ல, பக்கவாட்டில் அடிபட்டால் கவிழ்கிற படகுகள் உண்டு. இவள் பேச்சை நம்பிப் பதினோரு பெண்கள் ஏறப்போகிறார்கள்.

"வர்றேன்," என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை ஐந்தே முக்காலுக்கு விடிந்தும் விடியாத வெளிச்சம். ஆண்கள் யாரும் கடலுக்குப் போகவில்லை. கழிக்கரை அம்மன் கோயில் வாசலில் பாய் விரித்து, பித்தளைச் சொம்பில் சீட்டுகளைப் போட்டு, நாட்டாரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கூடைகளோடு பெண்கள் இறங்கிப் போவதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் எழுந்தான்.

"இரு பெரிம்மா, எங்க போட்டுல உட்டுட்டு வரேன். இன்னிக்குதான் போட்டு கீதே."

"இன்னிக்குக் கீது. நாளைக்கு?" என்றாள் ராஜாத்தி, திரும்பிப் பார்க்காமல்.

கூடைகளை அடியில் பரப்பி, அவற்றுக்கு நடுவில் பன்னிரண்டு பேரும் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். மூக்குக் கயிற்றைக் குட்டையாகச் சரோஜா கட்டினாள். வால் கயிற்றை ராஜாத்தி கட்டினாள். மீன்பிடிக்கிறவன் போடும் முடிச்சு ஓர் இழுப்பில் அவிழும். ராஜாத்தி போட்டது ரயில் கூட்டத்தில் கூடை சரியாமலிருக்கப் போடுகிற முடிச்சு. போட்டுவிட்டு, பல்லால் கடித்தும் ஓர் இழுப்பு இழுத்தாள். அதை இனிமேல் அக்கரையில் போய் அரிவாளால் அறுத்தால்தான் உண்டு.

கரையைக் காலால் உந்தினாள் சரோஜா. கப்பி கிறீச்சிட்டது. படகு சாய்ந்தது. வற்றம் வந்து விலாவில் அடித்தது.

அடித்ததும் படகு ஒரு பக்கமாகச் சரிந்தது. எல்லோரும் ஒரே குரலில், "அம்மாடியோ!" என்று கத்தினார்கள். கரையிலிருந்து, பாயை விட்டு எழுந்து நின்று, துளசிங்கம் தொண்டை கிழியக் கத்தினார்.

"கயித்த உடு! ஏய் ராஜாத்தி, கயித்த உடுடீ! நேராக்கு!"

ராஜாத்தி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தியும் எதையும் தொடவில்லை. தொடவேண்டும் என்று அந்தக் கைகளுக்குத் தோன்றவே இல்லை. பயந்தார்கள், கத்தினார்கள், ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள், அம்மனைக் கூப்பிட்டார்கள், ஆனால் படகை அதன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். படகு நிமிர்ந்து நிலைக்கு வந்தது. அப்புறம் யாரோ தோளில் கை போட்டு அழைத்துப் போகிறமாதிரி, குறுக்கே போகத் தொடங்கியது. மூன்று பாகம், ஐந்து பாகம், பத்து. நிற்கவில்லை. தண்ணீர் எவ்வளவு முரட்டுத்தனமாகக் கடலுக்கு ஓடியதோ அவ்வளவு வேகமாக இவர்கள் அக்கரைக்கு ஓடினார்கள். நடுக்கழி வந்தபோது கத்தல் எல்லாம் அடங்கி, கப்பியின் சத்தம் மட்டும் கேட்டது.

இளவரசி அப்போதுதான் கவனித்தாள், தன் கண் திறந்திருக்கிறது. ஒன்பது வருஷத்தில் அவள் பார்க்காத நடுத்தண்ணீர். இந்தக் கரையும் தெரிந்தது, அந்தக் கரையும் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. பயத்தில் இல்லை, அப்படி ஒரு சந்தோஷம். "சமல்யோத்," என்று தன்னையறியாமல் சொன்னாள். பக்கத்திலிருந்த சரோஜா, சாமி பேர் என்று நினைத்தாளோ என்னவோ, தானும் ஒருமுறை சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அக்கரை மணலில் படகின் மூக்கு முட்டியபோது மணி ஆறு. ஏலம் தொடங்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. கூடைகளைக் கூடத்தில் வரிசையாக இறக்கி வைத்தார்கள். அதற்குமேல் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மாணிக்கம் ஓட்டிய காலத்தில்கூட ஏலக்காரன் கூவிக்கொண்டிருக்கும்போது மூச்சிரைக்க ஓடிவந்துதான் அவர்களுக்குப் பழக்கம். கையில் இருபது நிமிஷத்தை வைத்துக்கொண்டு நின்றதே இல்லை. கூடத்தை ஒட்டி ஒரு டீக்கடை, கழியைப் பார்த்து ஒரு நீளப் பெஞ்சு. ஆண்கள் உட்காருகிற பெஞ்சு. ராஜாத்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய் நடுவில் உட்கார்ந்தாள்.

"பன்னெண்டு டீ," என்றாள். "இஞ்சி தட்டிப் போடு."

டீயை யாரும் அவசரப்பட்டுக் குடிக்கவில்லை. ஊதி ஊதிக் குடித்தார்கள். ஏலம் எடுக்கிறவர்கள் வந்தார்கள், கூடையைக் கிளறினார்கள், ராஜாத்தியின் நண்டு முதல் கூவலிலேயே போனது. மீஞ்சூருக்கு அவள் எடுத்துப்போகவேண்டிய இறால் நாளைக்கு வரும் என்று ஆட்டோக்காரனிடம் சொல்லி அனுப்பினாள். இன்றைக்குச் சீட்டு நாள், அவள் ஊரில் இருந்தாகவேண்டும். அப்போதுதான் அவள் போன் அடித்தது. துளசிங்கம். அவரே எதிர்க்கரையில் இறங்கி வந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ராஜாத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

துளசிங்கம் எடுத்த எடுப்பில் கேட்டார்.

"அந்த வால் கயித்த எவ கட்டினது?"

"நான்தான்யா."

"அவுக்க முடியாத மாதிரியா?"

"ஆமா."

"உயிரே போய்ட்டு வந்துதுடீ எனக்கு," என்றார். குரல் நாட்டார் குரலாக இல்லை. "சின்னக் கழி சீட்ட சொம்புலேர்ந்து எடுத்துட்டேன். நானே கிழிச்சிட்டேன். எவனும் ஒண்ணும் பேசல."

சரோஜா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இளவரசி ராஜாத்தியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். ராஜாத்தி அந்தக் கையின்மேல் தன் நண்டு வாசனைக் கையை வைத்து அழுத்தினாள்.

"கேக்குதா? எப்போ வருவீங்க?" என்றார் துளசிங்கம். "இன்னும் யாரும் ஒண்ணும் துன்னல இங்க. நான் வேணா போட்டு எடுத்துகினு வரட்டா?"

ராஜாத்தி கழியைப் பார்த்தாள். வற்றம் ஓய்ந்து வந்தது. ஒரு காய்ந்த பனையோலை மெல்ல மிதந்து வந்து, போகலாமா வேண்டாமா என்பதுபோல் நின்றது.

"வாணாம். தண்ணி நிக்குது. திரும்ப ஓட ஆரம்பிச்சதும் நாங்களே வரோம்."

"அதுக்கு எட்டு மணிக்கு மேல ஆவுமேடீ. அதுவரைக்கும் நான் இன்னா பண்றது?"

"கரையில நில்லுய்யா," என்றாள் ராஜாத்தி. கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "மூணு மாசமா நாங்க நின்ன எடந்தான் அது."

போனை வைத்தாள். எதிர்க்கரையில் துளசிங்கம் போனைக் காதிலிருந்து எடுத்து, அதைப் பார்த்தார், கழியைப் பார்த்தார், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பெண்களைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அங்கேயே மணலில் உட்கார்ந்துகொண்டார்.

ராஜாத்தி காலி டம்ளரை நீட்டி இன்னொரு டீ கேட்டாள்.